வட்டாரச் சுற்றுலா மேம்பாடு: பயணமும் மாநாடும் – கேரளத்தின் அனுபவம்

நெல்லையும் துணியையும் அவை விளையும் இடத்திலிருந்து வாங்குவோரின் ஊருக்கு அனுப்பலாம். காயலையும் மலைச்சாரலையும் அவ்வாறு அனுப்ப இயலாது. வாங்குபவர்தாம் அவை இருக்கும் இடத்திற்கு வர வேண்டும். அவர் பொருளைப் பார்த்த பின்னர் விலை கொடுப்பதில்லை; விலை கொடுத்த பின்னரே பார்க்கிறார். ஆகவே சுற்றுலாத் தொழிலுக்கு அடிப்படை மூலதனம் நம்பிக்கை எனலாம். அந்த நம்பிக்கையைத் தொலைதூரத்து மக்களிடையே உருவாக்குவதும், வருவோர்க்கு அது பொய்க்காமல் காப்பதும் வட்டாரச் சுற்றுலா மேம்பாட்டு அமைப்பின் முதற்பணிகளாகும்.

இப்பணியைத் தனியார் தாமே செய்துகொள்ளலாகாதா என்ற வினா எழுவது இயல்பு. விடுதி உரிமையாளர், வாடகைக் கார் ஓட்டுநர், படகுக்காரர், வழிகாட்டி, உணவகம் நடத்துபவர் ஆகிய அனைவரும் ஒரே பயணியைச் சார்ந்து வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவர் தம் செலவில் வட்டாரம் முழுவதையும் விளம்பரப்படுத்தினால், அதன் பயன் மற்ற எல்லோருக்கும் கிடைக்கும். பயன் பலருக்கும், செலவு ஒருவருக்கும் என்ற நிலையில் எவரும் முன்வருவதில்லை. பொருளியலில் பொதுப்பண்டம் என்று கூறப்படுவதன் இயல்பு இதுவே. எனவே பொதுநிதியைக் கொண்டு பொது அமைப்பு ஒன்று இச்செயலை மேற்கொள்ள வேண்டியதாகிறது.

ஆனால் இவ்வமைப்பு தனக்குச் சொந்தமல்லாததை விற்கிறது. காயல் மீனவருக்கும் உழவருக்கும் உரியது. கோயில் திருவிழா ஊராருக்கு உரியது. காடு வருங்காலத் தலைமுறைக்கும் உரியது. ஆதலால் எத்தனை பேர் வந்தனர் என்ற எண்ணிக்கையோடு அதன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. எப்போது வந்தனர், அவர்கள் செலவிட்ட பணத்தில் எவ்வளவு அவ்வட்டாரத்தில் தங்கியது, அவர்கள் சென்ற பின் இடம் எந்நிலையில் இருந்தது என்பவையும் கணக்கில் சேர வேண்டியவை. கேரளத்தின் அனுபவம் இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது.

நிருவாக அமைப்பு

நம் நாட்டில் மைய அரசின் சுற்றுலாத் துறை 1958-இல் தனித் துறையாக அமைந்தது. 1966-இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தோன்றியது. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் நிறுவப்பெற்றது. 1986-இல் கேரள அரசு சுற்றுலாவை ஒரு தொழிலாக அறிவித்தது. கனரகத் தொழில்கள் குறைவாகவும் மக்கள்தொகை அடர்த்தி மிகுதியாகவும் உள்ள ஒரு மாநிலம், வேலைவாய்ப்புக்குப் புதிய வழி தேடியதன் விளைவாக இவ்வறிவிப்பைக் கருதலாம்.

பணிகள் பல அமைப்புகளிடையே பிரிக்கப்பட்டுள்ளன. கொள்கை வகுத்தலும் விளம்பரமும் சுற்றுலாத் துறையின் பொறுப்பு. விடுதிகளை நடத்துதல் வளர்ச்சிக் கழகத்தின் பணி. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சித் தலைவரின் தலைமையில் மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் குழு இயங்குகிறது. படகுத்துறை, பூங்கா, பயணிகள் தகவல் நிலையம் போன்ற உள்ளூர் வசதிகளை இக்குழுக்கள் கவனிக்கின்றன. விடுதி நடத்தும் அமைப்பையும் விளம்பரம் செய்யும் அமைப்பையும் வேறுபடுத்தி வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. ஒரே அமைப்பு இரண்டையும் செய்தால் தன் விடுதியை மட்டும் முன்னிறுத்துகிறது என்ற ஐயம் தனியாருக்கு ஏற்படக்கூடும். அதன்பின் அவர்களது ஒத்துழைப்பைப் பெறுதல் கடினமாகும்.

விளம்பரமும் வணிகச் சந்திப்பும்

‘கடவுளின் சொந்த நாடு’ என்ற தொடரைக் கேரளச் சுற்றுலாத் துறை 1989 முதல் கையாண்டு வருகிறது. ஆட்சிகள் மாறியபோதும் இத்தொடர் மாறவில்லை. பயணியின் மனத்தில் ஓர் ஊரின் பெயர் பதிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்; ஆண்டுதோறும் முழக்கத்தை மாற்றும் அமைப்பு, முன்னர்ச் செலவிட்டதைத் தானே அழித்துவிடுகிறது. தொடர்ச்சியே விளம்பரத்தில் பெரிய சிக்கனம்.

விளம்பரம் பயணியின் விருப்பத்தைத் தூண்டும். எனினும் வெளிநாட்டிலோ தொலைவிலுள்ள மாநிலத்திலோ இருப்பவர் பெரும்பாலும் பயண முகவர் வாயிலாகவே வந்த காலம் நெடியது. இன்றும் குழுப் பயணங்கள் அவ்வாறே அமைகின்றன. ஆகவே முகவர்களை அணுகுதல் இரண்டாவது படி. பெர்லின், இலண்டன் ஆகிய நகரங்களில் நடைபெறும் பயணக் கண்காட்சிகளில் கேரளம் அரங்கு அமைப்பது இந்நோக்கத்தை ஒட்டியதே. ஆயினும் சிறிய விடுதி உரிமையாளர் ஒருவரால் பெர்லின் வரை செல்ல இயலாது. இக்குறையை நீக்கும் பொருட்டு, வாங்குவோரை இங்கே வரவழைக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கேரள டிராவல் மார்ட் எனும் பயணச் சந்தை, பெருந்தொற்றுக் காலத்து இடர்ப்பாடு நீங்கலாக, இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டப்பெற்று வருகிறது. அரசின் ஆதரவுடன் தொழில்துறையினரின் சங்கமே இதனை நடத்துகிறது.

இச்சந்தையின் செயல்முறை எளியது. விற்போர் தத்தம் அரங்குகளில் அமர்வர். வாங்குவோரான முகவர்கள் முன்னரே குறிக்கப்பட்ட நேரத்தில் ஒவ்வொருவராகச் சந்திப்பர். வயநாட்டில் நான்கு அறைகளை வாடகைக்கு விடும் குடும்பமும், ஐந்து நட்சத்திர விடுதியும் ஒரே கூடத்தில் ஒரே வாங்குவோரைக் காண முடிகிறது. அதனுடன் முகவர்கள் மாநிலத்தைச் சுற்றிப் பார்க்கவும் ஏற்பாடு செய்யப்படுகிறது. தாமே கண்ட இடத்தைத்தான் முகவர் தம் வாடிக்கையாளரிடம் துணிந்து பரிந்துரைப்பார்.

மாநாடுகளை ஈர்த்தல்

சுற்றுலா மேம்பாட்டில் மாநாடுகளுக்குத் தனி இடம் உண்டு. 1956-இல் யுனெஸ்கோவின் பொது மாநாடு புது தில்லியில் கூடியபோது, அதன் தேவையை ஒட்டியே அசோகா விடுதியும் விஞ்ஞான் பவனும் எழுந்தன. மாநாடு முடிந்த பிறகும் அக்கட்டடங்கள் நிலைத்துப் பயன் தந்தன. பன்னாட்டு மாநாடுகளை நம் நாட்டிற்குக் கொணரும் நோக்குடன் 1988-இல் இந்திய மாநாட்டு மேம்பாட்டு அமைப்பு நிறுவப்பெற்றது.

மாநாட்டுப் பேராளர் சாதாரணப் பயணியினின்று சில வகைகளில் வேறுபடுகிறார். அவர் வரும் நாள் முன்னதாகவே உறுதியாகிறது. அவருடைய செலவின் பெரும்பகுதியை அவர் பணியாற்றும் நிறுவனம் ஏற்கிறது. அவர் தங்குமிடம், கூட்ட அரங்கு, உணவு, மொழிபெயர்ப்பு, அச்சு, போக்குவரத்து எனப் பல பணிகளுக்குத் தேவையை உண்டாக்குகிறார். எல்லாவற்றிற்கும் மேலாக, மாநாட்டை எந்த மாதத்தில் கூட்டுவது என்பதை ஓரளவு பேசி முடிவு செய்யலாம். விடுமுறைப் பயணியிடம் அவ்வாறு பேச இயலாது.

உலக அளவில் மாநாடுகளைக் கணக்கிடும் பன்னாட்டுச் சங்கம் மூன்று அளவுகோல்களைக் கொண்டுள்ளது. குறைந்தது 50 பேர் பங்கேற்க வேண்டும். மாநாடு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நடைபெற வேண்டும். குறைந்தது மூன்று நாடுகளில் மாறி மாறிக் கூட வேண்டும். இவ்வாறு இடம் மாறும் மாநாடுகளே போட்டிக்கு உரியவை.

அப்போட்டியில் வெல்லும் வழி படிப்படியானது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை முதலிய துறைகளில் எந்தச் சங்கத்தின் மாநாடு அடுத்து ஆசியாவில் கூடும் என்பதை அமைப்பு முதலில் ஆராய்கிறது. பின்னர் அச்சங்கத்தில் உறுப்பினராக உள்ள உள்ளூர்ப் பேராசிரியரையோ மருத்துவரையோ கண்டறிகிறது. உண்மையில் அழைப்பு விடுப்பவர் அவரே. சங்கம் ஒன்று அரசு அலுவலகத்தின் கடிதத்தைவிடத் தன் உறுப்பினரின் சொல்லுக்கே மிகுந்த மதிப்பு அளிக்கும். அரங்குகளின் அளவு, அறைகளின் எண்ணிக்கை, விமானத் தொடர்பு, செலவு மதிப்பீடு ஆகியவை அடங்கிய விண்ணப்பத்தை அவருக்காக அமைப்பு தயாரித்துக் கொடுக்கிறது. அடுத்து, சங்கத்தின் பொறுப்பாளர்கள் இடத்தைப் பார்வையிட வருகின்றனர். மாநாடு உறுதியான பின் மைய அரசின் அனுமதி, வெளிநாட்டுப் பேராளர்களுக்கான விசா ஆகியவற்றில் துணை நிற்க வேண்டும். இம்முயற்சி முழுமையடையப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆகவே நிதியாண்டு முடிவில் பயன் தெரியவில்லை என்று செலவைக் குறைப்பது பொருந்தாது.

காலியான அறையின் பொருளாதாரம்

விடுதி அறை மிக விரைவில் அழியும் சரக்கு. விற்காத துணியை மறுநாள் விற்கலாம். நேற்றிரவு காலியாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. கேரளத்தில் டிசம்பர், சனவரி மாதங்களில் அறை கிடைப்பது அரிது. ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ பல அறைகள் பூட்டிக் கிடக்கும். ஆண்டில் சில மாதங்களே வேலை என்றால் விடுதி ஊழியருக்கு நிலையான ஊதியம் இல்லை.

இதனை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். ஓர் ஊரில் 500 அறைகள் உள்ளன எனக் கொள்வோம். 30 நாட்களுக்கு 15,000 அறை-இரவுகள் விற்பனைக்கு உண்டு. மழை மாதத்தில் 40 விழுக்காடு, அதாவது 6,000 மட்டுமே விற்பனையாயின. அம்மாதத்தில் 400 பேராளர்கள் ஆளுக்கோர் அறையில் மூன்று இரவுகள் தங்கினால் 1,200 அறை-இரவுகள் கூடுகின்றன. விற்பனை 48 விழுக்காடாக உயர்கிறது. இவ்வருவாய் முழுவதும் புதியது. அதே மாநாடு டிசம்பரில், 90 விழுக்காடு அறைகள் நிரம்பியுள்ள நாட்களில் கூடுவதாகக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 50 அறைகளே காலி. மூன்று இரவுகளுக்கு 150. எஞ்சிய 1,050 அறை-இரவுகளுக்கு ஏனைய பயணியரை விலக்க வேண்டியிருக்கும். மாநாடு ஒன்றே, பேராளர் எண்ணிக்கையும் ஒன்றே, ஆனால் ஊருக்குக் கிடைக்கும் கூடுதல் பயன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பொதுநிதியிலிருந்து மாநாட்டிற்கு உதவி கோரப்படும்போது, அது எம்மாதத்தில் கூடுகிறது என்பதே அலுவலர் கேட்க வேண்டிய முதல் வினா.

கேரளம் மழையை மறைக்க முயலவில்லை; மழையையே விற்கத் துணிந்தது. மழைக்காலத்தை, அதிலும் கர்க்கடக மாதத்தை, ஆயுர்வேதச் சிகிச்சைக்கு ஏற்ற காலமாகக் கொள்வது அம்மாநிலத்தின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தை அடிப்படையாகக் கொண்டு மழைக்காலப் பயணம் விளம்பரப்படுத்தப்பட்டது. கோடை வெம்மையினின்று விடுபட விரும்பும் வளைகுடா நாட்டினருக்கு மழையே கவர்ச்சியாயிற்று. குறையெனக் கருதப்பட்டதை யாருக்கு அது நிறை என்று தேடிக் கண்டறிந்ததே இம்முயற்சியின் சிறப்பு.

நெருக்கடிக் காலப் பணி

மேம்பாட்டு அமைப்பின் உண்மையான திறன் நல்ல காலத்தில் வெளிப்படுவதில்லை. 2018 மே மாதத்தில் கோழிக்கோடு வட்டாரத்தில் நிப்பா நோய் தோன்றியது. ஆகஸ்டில் பெருவெள்ளம் ஏற்பட்டது. கொச்சி விமான நிலையம் இரு வாரங்கள் மூடப்பட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூணாறு மலைகளில் பூக்கும் நீலக்குறிஞ்சியைக் காண வருவோருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகளும் குலைந்தன. வெள்ளம் வடிந்தபோதிலும், ஊர் முழுவதும் நீரில் மூழ்கிய படங்கள் மக்கள் மனத்தினின்று வடியவில்லை.

இந்நிலையிலும் செப்டம்பர் 27 முதல் 30 வரை கொச்சியில் பயணச் சந்தை குறித்தபடி கூடியது. சாலைகள் திறந்துள்ளனவா, விடுதிகள் இயங்குகின்றனவா என்பதை முகவர்கள் நேரில் கண்டனர். நெருக்கடிக்குப் பின் வெறும் விளம்பரம் ஐயத்தையே வளர்க்கும். நேரில் காட்டுவதே ஐயத்தை அகற்றும். 2019-இல் ஏறத்தாழ 1.84 கோடி உள்நாட்டுப் பயணியரும் 11.9 இலட்சம் வெளிநாட்டுப் பயணியரும் கேரளம் வந்தனர். 2018-ஐ விட இவ்விரண்டும் மிகுதி.

அடுத்து வந்த பெருந்தொற்று வேறொரு பாடம் புகட்டியது. 2023-இல் உள்நாட்டுப் பயணியர் ஏறத்தாழ 2.18 கோடியாகி 2019-ஐக் கடந்தனர். வெளிநாட்டுப் பயணியரோ ஏறத்தாழ 6.5 இலட்சமாகவே இருந்தனர். அந்நியச் செலாவணியை மட்டும் கருதி உள்நாட்டுப் பயணியைப் புறக்கணிக்கும் மேம்பாட்டுத் திட்டம் ஒற்றைக் காலில் நிற்பதாகும்.

வருவாய் எங்கே தங்குகிறது?

பயணி ஓர் ஊரில் செலவிடும் பணம் அவ்வூரிலேயே கைமாறினால் வருவாய் பெருகுகிறது. விடுதிக்குத் தேவையான காய்கறியும் பாலும் மீனும் வெளியூரிலிருந்து வந்தால் பணமும் அவ்வழியே வெளியேறுகிறது. இதனைப் பொருளியலார் கசிவு என்பர். வேம்பநாட்டுக் காயற்கரையிலுள்ள குமரகம் இதற்குத் தக்க சான்று. அங்கு உயர்தர விடுதிகள் பெருகின. ஆனால் நிலத்தின் விலை உயர்ந்ததும், காயற்கரையில் நடமாடும் வழிகள் சுருங்கியதும் தவிரத் தங்களுக்கு என்ன கிடைத்தது என்ற குறை ஊராரிடம் வளர்ந்தது.

2007-இல் கேரள அரசு பொறுப்புடைமைச் சுற்றுலா எனும் முயற்சியைத் தொடங்கியது. கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்கள் முதற்கட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2008 மார்ச்சில் இப்பொருள் பற்றிய பன்னாட்டு மாநாடு கொச்சியில் கூடியது. மாநாடு அறைகளை நிரப்புவதற்கு மட்டுமன்று, எண்ணங்களைக் கொணர்வதற்கும் உரியது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

குமரகத்தில் ஊராட்சியும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களும் விடுதிகளும் ஒன்றாக அமர்ந்து பேசின. மகளிர் குழுக்கள் காய்கறி பயிரிட்டன. விடுதிகள் அவற்றை வாங்க இசைந்தன. நல்லெண்ணம் மட்டும் இவ்வேற்பாட்டை நிலைநிறுத்தியிருக்காது. விடுதிக்கு ஒவ்வொரு நாளும் ஒரே தரத்தில், குறித்த அளவில், குறித்த நேரத்தில் சரக்கு வர வேண்டும். பயிரிடுவோருக்கோ விலை திடீரென வீழாதிருக்க வேண்டும். எனவே விலையை முடிவு செய்யவும் தரத்தைப் பார்க்கவும் குழுக்கள் அமைக்கப்பட்டன. பயிர்த்தொழில், கயிறு திரித்தல், ஓலை முடைதல், மீன்பிடித்தல் ஆகியவற்றைப் பயணியர் காணும் கிராம வாழ்க்கைச் சுற்றுலாவும் வகுக்கப்பட்டது. அதனால் காயலையும் விடுதியையும் மட்டும் கண்டு திரும்பியவரின் பணம் ஊரின் வீடுகளுக்குள்ளும் சென்றது. இம்முயற்சிக்காக 2014 சனவரியில் ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா அமைப்பு கேரளத்திற்கு யுலிசஸ் விருது வழங்கியது. 2017-இல் மாநிலம் முழுவதற்குமாகப் பொறுப்புடைமைச் சுற்றுலா இயக்கம் உருவாயிற்று.

2023-இல் இந்தியா ஜி-20 அமைப்பின் தலைமையை ஏற்றிருந்தபோது, 60 நகரங்களில் 200-க்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடைபெற்றன. அவற்றுள் நாடுகளின் சிறப்புப் பிரதிநிதிகளது இரண்டாவது கூட்டம் மார்ச் 30 முதல் ஏப்ரல் 2 வரை குமரகத்தில் கூடியது. பெருநகரில் மட்டுமே மாநாடு கூட இயலும் என்ற கருத்தை இக்கூட்டங்கள் தளர்த்தின. ஆயினும் ஒரு கூட்டத்திற்காகச் சாலையையும் அரங்கையும் செப்பனிடுவது எளிது. கூட்டம் கலைந்த பின் அவற்றைப் பராமரித்து அடுத்த மாநாட்டைக் கொணர்வதே மேம்பாட்டு அமைப்பின் திறனுக்குச் சோதனை.

மேம்பாட்டின் எல்லைகள்

குட்டநாட்டு நெல்லை ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் சாலைப் போக்குவரத்து வளர்ந்தபின் பயனற்றுப் போயின. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைப் பிணைத்துச் செய்யப்படும் அப்படகுகள், 1990-களின் தொடக்கத்திலிருந்து படகு வீடுகளாக மறுவாழ்வு பெற்றன. அழிந்துகொண்டிருந்த தச்சுத் தொழில் பிழைத்தது. ஆனால் படகு வீடுகள் பெருகியபோது அவற்றின் கழிவும் எண்ணெயும் காயலில் கலந்தன. வேம்பநாட்டுக் காயல் 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே நீரில்தான் மீனவர் வலை வீசுகின்றனர். கரையோர மக்கள் குளிக்கின்றனர். பயணியருக்குக் காயல் ஒரு காட்சி. அவர்களுக்கோ அது வாழ்வு. இடத்தின் தாங்குதிறனைக் கடந்து படகுகளுக்கு உரிமம் வழங்குவது, முதலைச் செலவிட்டு வட்டியெனக் கணக்கெழுதுவதற்கு ஒப்பாகும்.

பாதுகாப்பு மற்றோர் எல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர். பயணியை அழைப்பவருக்கு அவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும் கடமையும் உண்டு. அழைப்பு ஒரு துறையிடமும் படகு ஆய்வு வேறொரு துறையிடமும் இருக்கலாம். ஆனால் உயிரிழந்தோரின் குடும்பத்தார் முன்னிலையில் அவ்வேறுபாடு எடுபடாது. விளம்பரம் கண்காணிப்பை முந்திச் செல்லாதவாறு காப்பது நிருவாகத்தின் நீங்காக் கடமை.

பணியை அளக்கும் முறை

பெரும்பாலான ஆண்டறிக்கைகள் வந்தோர் எண்ணிக்கையையே முதலில் தருகின்றன. அது திரட்டுவதற்கு எளிய எண். ஆனால் போதிய எண் அன்று. சராசரியாக எத்தனை இரவுகள் தங்கினர். மழைக்கால மாதங்களில் அறைகள் எவ்வளவு நிரம்பின. வருகை சில மாவட்டங்களிலேயே குவிந்ததா, வட மாவட்டங்களுக்கும் பரவியதா. விடுதிகள் வாங்கிய சரக்கில் உள்ளூர்ப் பங்கு எவ்வளவு. உதவி பெற்ற மாநாடுகள் எம்மாதங்களில் கூடின. காயல் நீரின் தரம் முந்தைய ஆண்டைவிட உயர்ந்ததா, தாழ்ந்ததா. விபத்துகள் எத்தனை என்பவையும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும். கண்ணூர் விமான நிலையம் 2018 டிசம்பரில் திறக்கப்பட்டதன் பின் வட மாவட்டங்களின் வாய்ப்பு விரிந்துள்ளது. அவ்வாய்ப்பு பயனாக மாறுகிறதா என்பதை இத்தகைய கணக்குகளே காட்டும்.

அளவுகோல் மாறினால் பணியின் போக்கும் மாறும். எண்ணிக்கை ஒன்றே இலக்கானால், அமைப்பு ஏற்கெனவே நெரிசல் மிகுந்த இடத்திற்கே, ஏற்கெனவே நிரம்பிய மாதத்திலேயே மேலும் ஆட்களை அழைக்கும். ஏனெனில் அதுவே எளிது. தங்கும் இரவுகளும் உள்ளூர் வருவாயும் நீரின் தூய்மையும் இலக்கானால், காலியான மாதத்தை நிரப்பவும், அறியப்படாத ஊரை அறிமுகப்படுத்தவும், நிரம்பிய இடத்தில் ‘போதும்’ என்று சொல்லவும் அது துணியும். டிசம்பரில் வந்த ஆயிரம் பேரைவிட, ஜூலையில் வந்து, ஊரார் விளைவித்ததை உண்டு, காயலை மாசுபடுத்தாமல் திரும்பிய நூறு பேர் அவ்வட்டாரத்திற்கு மிகுந்த நன்மை செய்திருக்கக்கூடும். அந்த நூறு பேரைத் தேடி அழைத்து வருவதற்காகவே பொதுமக்களின் வரிப்பணத்தில் ஒரு சுற்றுலா மேம்பாட்டு அமைப்பு தேவைப்படுகிறது.